வர்க்கமூலத்துக்குள் மாட்டுங்கா

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் வருகிறானென்று பம்பாய் மாட்டுங்காவில் பாதிப் பேர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

"நாமளும் பாலக்காட்டுக்குப் போயிடலாம், ன்னா," என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

"போடி பைத்தியம்! மாட்டுங்கா வரைக்கும் எவன் குண்டும் எட்டாது," என்று அதட்டிவிட்டு ஆபீசுக்கு வந்தான், பீரங்கிக் கணக்குப் போடும் சங்கரன்.

தூரத்தைக் கொடுத்தால் பீரங்கியைத் தூக்கவேண்டிய கோணத்தைத் தரும் சூத்திரம் அது. நம் பீரங்கிக்கு ஒன்பது மைலோடு சார்பகம், அதாவது சூத்திரம் செல்லுபடியாகும் எல்லை, முடிந்தது. அதைத் தாண்டினால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்துவிடும். விடை கிடையாது, குண்டும் போகாது.

"எதிரிக் கப்பல் கரையிலிருந்து பன்னிரண்டு மைலில் நின்றால்?" என்று மேலதிகாரி அதன் பீரங்கி விவரத்தை நீட்டினார்.

அங்கிருந்து மாட்டுங்கா பதினாறு மைல். மைனஸ் வரவேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சங்கரன் மூன்று முறை போட்டுப் பார்த்தான். மூன்று முறையும் பிளஸ்.

விஜயலக்ஷ்மி மொட்டைமாடியில் அப்பளம் உலர்த்தும் நேரம்.