மல்லாட்டை மெஷின்

அருணகிரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று கீழ்பென்னாத்தூர் களத்தில், அத்தனை பேர் நடுவில், இரண்டு காதும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டன.

பின்னே? கை நிறையச் சம்பளம் தந்த சர்க்கார் இன்ஜினீயர் வேலையை உதறிவிட்டு, திருவண்ணாமலையில் பட்டறை போட்டு, மூன்று வருஷம் மாடாய் உழைத்துச் செய்த, ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மெஷின் அது. இன்று ஒழுங்காக ஓடினால் மண்டிக்கார அப்பாதுரை பத்து மெஷின் வாங்குவார். ஓடாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். பட்டறையில் நூறு தடவை ஓடிய சனியன், இங்கே பத்தே சுற்றில் அடைத்துக்கொண்டு நின்றது.

மூடியைத் திறந்தான். கடலை ஓடு உடையாமல் நசுங்கி, ஈரமாய்ச் சல்லடையில் அப்பிக் கிடந்தது.

"மல்லாட்டைல எவ தண்ணி ஊத்தினது?"

"நான்தான்," என்றாள் கூலிக்குக் கடலை உரிக்கும் தங்கம்மாள். "எப்பவும் தெளிச்சிட்டுத்தானே உரிப்போம்? காஞ்சதை உரிச்சா விரல் கிழிஞ்சிடும்."

"மெஷினுக்கு ஏது விரல்? அறிவிருக்கா உனக்கு?"

தங்கம்மாளுக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. "மூணு வருஷமா செஞ்சீங்களே, ஒரு நாளாச்சும் எங்களாண்ட வந்து எப்படி உரிக்கிறீங்கனு கேட்டீங்களா? உங்கம்மாவும் உரிச்சவங்கதானே?"

அப்பாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அருணகிரி வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தான். "நீயும் தண்ணி தெளிப்பியாம்மா?"

ஜோதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "தெளிக்காம? உன் காலேஜ் ஃபீசுக்கு நான் உரிக்காத மல்லாட்டையா? பக்கத்துலயே சொம்பு இருக்கும். நீதான் எதிர்ல உக்காந்து படிச்சே. புக்கை விட்டுத் தலையைத் தூக்குனாத்தானே."

அவளை என்ன சொல்லித் திட்டுவது? அன்று பூராவும் தன்னைத்தான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டான். முட்டாள், முழு முட்டாள்.

கடன் வாங்கிப் பட்டறையை ஓட்டினான். அடுத்த வருஷம் ஈரக் கடலையையும் உடைக்கும் மெஷின் வந்தது. அப்பாதுரையே தேடி வந்து வாங்கினார். 1966-இல் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ் அவனைக் கூப்பிட்டு, மெஷின் வடிவமைப்பு சொல்லித்தரும் புரொபசராக்கியது. முதல் பரீட்சையில் ஒரே கேள்விதான் கேட்டான். உன் அம்மா கையால் செய்யும் ஒரு வேலையை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படம் போட்டுக் காட்டு. நாற்பது பேரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். நாற்பது பேருக்கும் முட்டை.

பிரின்ஸ்பால் விடைத்தாள்களை மேஜையில் வீசினார். "என்ன மிஸ்டர் இது? இன்ஜினீயரிங் பரீட்சைல கேக்கற கேள்வியா இது?"

அருணகிரியின் காது சிவந்தது.

"எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின நான், இதுலதான் சார் ஃபெயில் ஆனேன்."