இருநூற்றுப் பன்னிரண்டு இடது கால்கள்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் யாரைக் கேட்டாலும் "ஃபீபியா? ஐயோ!" என்பார்கள். ஆனால் அந்த மாசம் எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேலேயேதான். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி ஷூவை ரிஜெக்ட் செய்து, ஒவ்வொரு அட்டையிலும் "குறை: கட்டிங்" என்று என் கையால் எழுதியவள் நான். அந்த அட்டைகளைக் காட்டித்தான் நயீம் பாய்க்கு மெமோ கொடுத்தார்கள்.

நயீம் அகமது எங்கள் கட்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறவர். பேரணாம்பட்டிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். தோலை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் போதும், எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது என்று சொல்லிவிடுவார். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை என்கொயரி. குறை அவர் மேல் என்று முடிவானால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட கை அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும்.

குறை இருந்தது உண்மை. அந்த ஜோடிகளெல்லாம் ஒரு புது மாடல்; அதில் விரல்களை மூடும் மூக்குத் துண்டு சாய்வாக வரும். மேல்தோலைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் மெஷினில் போட்டால், வலது கால் கச்சிதமாக உட்காருகிறது. இடது கால் மூக்கில் மட்டும் தோல் நீண்டு சுருக்கம் விழுகிறது. நான் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். எங்கள் டேபிளில் அது சட்டம். குறை எங்கேயோ அங்கே அம்பு. குறை சரியாகிற வரைக்கும் மேனேஜரே வந்தாலும் அதைப் பிய்க்கக் கூடாது.

மெமோ வந்த அன்று கேன்டீனில் பாய் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"இன்னா ஆச்சு பாய்? உங்க கை தப்பு பண்ணாதே."

"நான் எங்கம்மா பண்ணேன்? மேலேர்ந்து லைட்டு கோடு போடுது. அந்தக் கோட்டுல வெட்டுற டைய வெச்சு அடிக்கிறேன். கோடே தப்பா வுழுதுன்னு மேனேஜர் கிட்ட ரெண்டு தபா சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, நீ கோட்டுல வை பாய்னாரு. வெச்சேன்."

"நீயாவது என்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்தார்.

தோலின் மேல் கோடு போடுகிற அந்த சாஃப்ட்வேரின் பெயர் பெல்லாரா. இலவசம். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். போர்ச்சுகலில் இருக்கும் ரூயி என்பவர் பொறுப்பாளர். வருவதைச் சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் கையில். நான் வாணியம்பாடியில் பி.சி.ஏ. படித்தவள். படித்ததைத் தொட்டு ஒன்பது வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன்.

கர்த்தரே, என்ன குப்பை அது! ஒரு கோப்பில் வரிகள் நாலு இடம் உள்ளே தள்ளியிருக்கின்றன, அடுத்ததில் இரண்டு இடம். ஒரே துண்டுக்கு மூன்று கோப்பில் மூன்று பெயர். ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் கம்மல் தொலைந்தால் முதலில் பெருக்கத்தானே வேண்டும்? பெருக்க ஆரம்பித்தேன். புதிதாக வருகிறவர்கள் இப்படி எழுத்தை ஒழுங்குபடுத்தித் தொடங்கலாம் என்று ரூயியே முகப்பில் எழுதி வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் ஜெஸ்டன் எட்டிப் பார்த்தார். "துணி மடிக்கிற வேலைய கம்ப்யூட்டர்லயும் ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா. நான் இத மடிக்கிறேன், நீ கட்டில் மேல கெடக்கிறத மடி."

பாவம், மடித்தார்.

சாயங்காலத்துக்குள் தொண்ணூற்றாறு கோப்பைத் துடைத்து மொத்தமாக அனுப்பினேன். மறுநாளே தள்ளிவிட்டார் ரூயி. "நன்றி. ஆனால் இவ்வளவையும் ஒரே மூச்சில் யாரும் சரிபார்க்க முடியாது. ஒரு தடவைக்கு ஒரு வகைத் திருத்தம் போதும். இன்னொன்று, ஒழுங்குபடுத்தினால் எதுவும் மாறக் கூடாது. முன்பு விழுந்த கோடுதான் பின்பும் விழ வேண்டும்."

தப்பு என்னுடையதுதான். டேபிளில் ஒரு ஷூவைக் கையில் எடுத்தால் நூல், பசை, தையல், கறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்போம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன். உள்தள்ளல் ஒரு நாள், பெயர்கள் ஒரு நாள், தேவையில்லாத வெற்று வரிகள் ஒரு நாள். முதல் திருத்தம் சேர்ந்தபோது "நன்றி ஃபீபி" என்று வந்தது. செக்கிங் டேபிளில் நான் விசிலடித்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு வாரத்தில் பதினொன்று சேர்ந்தன. கம்மல் மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. என்கொயரிக்கு இன்னும் இரண்டே நாள். பன்னிரண்டாவதாக அடைப்புக்குறிகளை எடுத்தேன். ஒரு நிபந்தனையின் கீழ் எத்தனை வரி வந்தாலும் அவற்றை அடைப்புக்குறிக்குள் கட்ட வேண்டும் என்பது பெல்லாராவின் விதி. பாதி இடத்தில் கட்டாமலே விட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் சிவப்பு. யார் எதை அனுப்பினாலும் நாற்பது மாதிரி மாடல்களுக்குக் கோடு போட்டு, பழைய கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று அங்கே உண்டு. முப்பத்தொன்பது சரி. ஒன்றில் கோடு நகர்ந்துவிட்டது. கீழே ரூயி எழுதியிருந்தார். "எதையோ உடைத்துவிட்டீர்கள். இதற்குத்தான் நான் ஒழுங்குபடுத்தும் திருத்தங்களுக்குப் பயப்படுகிறேன். தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். நான் உடைத்தேனா? ஒன்பது வருஷத்தில் என் டேபிளிலிருந்து ஒரு ஷூ திரும்பி வந்ததில்லை! நன்றாகக் காரமாக நாலு வரி அடித்தேன். அனுப்பவில்லை. எது நகர்ந்தது என்று பார்க்காமல் சண்டைக்குப் போகக் கூடாது.

பார்த்தேன். நகர்ந்தது சாய்வு மூக்கு. அதுவும் இடது கால்.

சோற்றுக் கையோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். "வலது கால் துண்டாக இருந்தால்" என்று ஒரு வரி. அதன் கீழே இரண்டு வரிகள்: வடிவத்தைத் திருப்பு, இழுவைத் திசையைத் திருப்பு. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளியிருந்ததால், இரண்டும் வலது காலுக்கு என்றுதான் மனுஷக் கண்ணுக்குப் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது, இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். ஆனால் அடைப்புக்குறி இல்லாதவரை கம்ப்யூட்டருக்கு முதல் வரி மட்டும்தான் வலது காலுக்கு. இரண்டாவது வரி எல்லாக் காலுக்கும்! வடிவம் திரும்பாத இடது துண்டுக்கும் திசையைத் திருப்பிக்கொண்டிருந்தது. நேரான மூக்கில் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. சாய்வு மூக்கில் மாட்டிக்கொண்டது.

காரமான நாலு வரியை அழித்தேன். ரிஜெக்ட் ரேக்கிலிருந்து ஒரு இடது கால் ஷூவை எடுத்து, அம்பு தெரியப் படம் பிடித்து அனுப்பினேன். "நான் உடைக்கவில்லை. இது முன்பே உடைந்திருந்தது. எங்களிடம் இதே மாதிரி இருநூற்றுப் பன்னிரண்டு இடது கால்கள் இருக்கின்றன."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "ஃபீபி, அந்த வரியை ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியவன் நான். மன்னித்துவிடுங்கள். சேர்த்துவிட்டேன். இன்றே புதுப் பதிப்பு வெளியாகும். கண்டுபிடித்தது நீங்கள் என்று முதல் வரியில் போடுகிறேன்."

வெள்ளிக்கிழமை காலை என்கொயரி அறைக்குள் யாரும் கூப்பிடாமலே நுழைந்தேன். மேனேஜர் தமிழ்வேந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு இங்க இன்னாமா வேல?"

"அட்டையில கட்டிங்னு எழுதுனது நான் சார். விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னுது. பாய் தப்பு இல்ல, கட்டிங் தப்பே இல்ல." லேப்டாப்பை மேஜை மேல் வைத்தேன். "ஒரே தோல் குடுங்க. பழைய கோட்டுல ஒரு இடது மூக்கு, புதுக் கோட்டுல ஒரு இடது மூக்கு. பாயே வெட்டட்டும். மெஷின்ல இழுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

கட்டிங் மேஜைக்கு எல்லோரும் போனோம். என் லேப்டாப்பிலிருந்து புதுக் கோடு விழுந்ததும் பாய் தோலைத் தடவிப் பார்த்தார்.

"இதாம்மா!" என்றார். "இத்தத்தான் நான் சொன்னேன்!"

இரண்டையும் தைத்து வாங்க ஒரு மணி நேரம் ஆனது. பழைய கோட்டு மூக்கில் மெஷினில் இழுத்ததும் சுருக்கம் விழுந்தது. புதுக் கோட்டு மூக்கு அச்சின் மேல் சும்மா கும்மென்று உட்கார்ந்தது. சுற்றி நின்ற கட்டிங் ஆட்கள் போட்ட கூச்சலில் பக்கத்து செக்‌ஷன் தையல் மெஷின்களெல்லாம் நின்றுவிட்டன. தமிழ்வேந்தன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் பாயிடமிருந்து மெமோவை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"ஸாரி பாய்" என்றார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

பாய் என் பக்கம் கையை நீட்டினார். "ஃபீபிம்மா, ஒரு ஸ்டிக்கர் குடு."

கொடுத்தேன். ஸ்டூல் மேல் ஏறி, கோடு போடுகிற லைட்டின் நெற்றியில் சிவப்பு அம்பை அழுத்தி ஒட்டினார்.

"பாய், இன்னா இது? எடுங்க அத" என்றார் மேனேஜர்.

பாய் ஸ்டூல் மேல் நின்றபடியே என்னைப் பார்த்தார். "ரூல் இன்னாம்மா?"

"குறை சரியாகற வரைக்கும் மேனேஜரே வந்தாலும் பிய்க்கக் கூடாது பாய்."

செக்‌ஷனே சிரித்தது. தமிழ்வேந்தனும் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "யாருப்பா சிஸ்டம்ஸ்ல? பெல்லாரா புது வெர்ஷன் வந்திருக்கு. இப்பவே போடு. ஆமா, இப்பவே."

பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் போட்டுவிட்டார்கள். வந்ததும் தோலை விரித்து, கையால் தடவி, புதுக் கோட்டில் டையை வைத்து முதல் இடது மூக்கை வெட்டினார். வெட்டியதை எனக்குத் தூக்கிக் காட்டினார். அப்புறம் ஸ்டூலில் ஏறி, அந்த ஸ்டிக்கரைத் தன் கையாலேயே பிய்த்தார்.