கேப்டனின் கப்பல் விஜயம்

கடல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்கிறோம்: வீட்டாராலும் தெருவாராலும் 'கேப்டன்' என்றே அழைக்கப்படும் பெரியவர், தாம் பல்லாண்டு ஓட்டிய கப்பலுக்கு ஞாயிறு காலை விஜயம் செய்தார்.

விஜயம் அவர் கேட்டு வாங்கியதல்ல. அந்தக் கப்பலை எப்போதோ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்ற தைரியத்தில்தான் அதன் பெயரைச் சொல்லிப் புயல் புயலாக அளந்துகொண்டிருந்தார். அதுவோ புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு, ஆற்றங்கரையில் கடல் அருங்காட்சியகமாக நின்றது. மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் பையனின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

"நீங்க ஓட்டின கப்பல நீங்களே சுத்திக் காட்டணும் சம்பந்தி."

சுக்கான் அறை வாசலில் கேப்டனின் நெற்றி ணங்கென்று இடித்தது.

"தினம் போய்வந்த வாசல்தானேங்க?" என்றாள் மனைவி.

"கேப்டன் தலை குனியக் கூடாது. அது கப்பல் மரபு."

சம்பந்தி பயபக்தியுடன் தலையாட்டினார். மரபு என்றால் அவருக்கு உயிர்.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு கேப்டன் ஒரு புயலை ஆரம்பித்தார். அது முடிவதாகத் தெரியாததால், அருங்காட்சியகத்து வழிகாட்டிப் பெண் எல்லோரையும் கீழ்த்தளச் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அந்த வாசல் இன்னும் தாழ்வு. கேப்டன் பேச்சு அறுபடாமல் சட்டென்று குனிந்து நுழைந்தார். இடித்துக்கொண்டவர் சம்பந்தி.

"இந்தப் பெரிய அடுப்போட கதவ மட்டும் யாராலயும் தொறக்க முடியல சார். மெக்கானிக்கும் கைவிட்டுட்டார்," என்றாள் வழிகாட்டிப் பெண்.

"அலை மலை மாதிரி எழும்புது..." என்றபடியே கேப்டன் கதவின் கீழ்மூலையில் முழங்காலால் ஒரு இடி இடித்து, கைப்பிடியைத் தூக்கினார். கதவு திறந்துகொண்டது. புயல் ஓய்ந்தது.

சம்பந்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "கேப்டன்தான் அடுப்பையும் பாக்கணுமா?"

"ஆள் இல்லாத சமயத்துல..."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தன பேருக்குச் சமைச்சீங்க?"

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபது பேருக்கு."

"நல்லா இருக்குமா?"

"ஒருத்தன் குறை சொன்னதில்ல," என்றார். அன்று அவர் சொன்னதிலேயே கம்பீரமாக இருந்தது அதுதான்.

"எங்கிட்ட வெந்நீர் வெக்கத் தெரியாதுன்னீங்க."

சம்பந்தி சிரித்துவிட்டார். கல்யாணம் நிற்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் கேப்டன்தான் சமைக்கிறார்.