பல் தேய்ந்த பிளேடு

பகலெல்லாம் துணி வெட்டுகிற மனுஷனுக்குச் சாயங்காலமானால் இரும்பு வெட்டும் ஆசை வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ரம்பம், அரம், இடுக்கி என்று தனி ராஜ்யமே நடத்திவந்தார். அந்தக் கொட்டகைக்கு அவர் மனைவி வைத்த பெயர் சக்களத்தி. அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அந்த ஒன்பதைக் கேட்டுக் கேட்டே அவருக்கு வயதாகியிருந்தது.

கொஞ்ச நாளாக அந்த ஒன்பது வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது மந்தமாகிறது என்றால் ஒப்புக்கொள்வதுமில்லை. "என் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்றாள். மருத்துவரிடம் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவருக்குப் பயமாக இருந்தது.

அடுக்களை வாசலில் மணி கட்டி, கொட்டகையிலிருந்தே கயிற்றை இழுத்து அவளைக் கூப்பிடலாம் என்று யோசித்தார். மெல்லிய பித்தளைக் குழாய் வாங்கி வெட்டினார். கையிலிருந்த பெரும்பல் பிளேடு குழாயைக் கடித்துக் குதறிவிட்டது. மிஞ்சிய துண்டுகளை நூலில் தொங்கவிட்டு, அவளை நிற்கவைத்து, சின்னச் சுத்தியை ஓங்கினார். அடிப்பதற்கு முன்பே அவள், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அதற்கப்புறமும் பழியைப் பிளேடின் மேலேயே போட்டார். நல்ல பிளேடால் சுத்தமாக வெட்டினால் ஓசை எட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு பிளேடுக் கடைக்குப் போனார்.

பிற்பகல் வெயில் கடைக்குள் சாய்ந்து விழுந்தது. சுவரெங்கும் வட்டப் பிளேடுகள். அவற்றின் நடு ஓட்டைகள் வழியே சின்னச் சின்ன வெளிச்சங்கள் தரையில் விழுந்து மிதந்தன. கடைக்காரப் பெண்மணி, மெல்லிய குழாய்க்குப் பொடிப்பல் பிளேடுதான் சரி, எந்நேரமும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் அசையவில்லை.

பெட்டியை எடுக்கக் கடைக்காரப் பெண்மணி ஒரு பெரிய பழைய பிளேடை நகர்த்தினார். அது பக்கத்துப் பிளேடில் இடித்து, அடிவயிற்றிலிருந்து எழும் முனகலாய் நீண்டு ஒலித்தது. தரை வெளிச்சங்கள் நடுங்கின.

வாசலில் நின்றவள் திரும்பினாள்.

"யாரு கூப்பிட்டது?" என்றாள்.

தையல்காரர் கடைக்காரப் பெண்மணியிடம் திரும்பினார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார். அவள் புருவத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"அது பல்லு தேஞ்சு போனதுங்க. ஒண்ணையும் வெட்டாது" என்றார் கடைக்காரப் பெண்மணி. "எந்த மெஷினுக்கு வேணும்?"

"மெஷினுக்கு இல்லம்மா, வீட்டுக்கு."

அன்று சாயங்காலமே அதை அடுக்களை வாசலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு மரச்சுத்தியலைக் கட்டி, கயிற்றைக் கொட்டகைவரை இழுத்துப்போனார். உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அந்த ஒலி கொல்லையெல்லாம் மெதுவாகப் பரவியது.

ஈரக் கையோடு அவள் வந்து நின்றாள்.

"என்னங்க?"

என்ன சொல்வதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒண்ணுமில்ல" என்றார்.

"ஒண்ணுமில்லாததுக்கா கூப்பிட்டீங்க?" என்று அவள் ஆரம்பித்தாள். அடுப்பில் கிடப்பதைச் சொன்னாள். காயப்போட்ட துணியில் ஒட்டுகிற இரும்புத்தூளைச் சொன்னாள். இந்தச் சக்களத்தியை என்றைக்காவது எடைக்குப் போடப்போகிறேன் என்றாள். இன்னும் என்னென்னவோ சொல்லிவிட்டு விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

அவள் அடுக்களைக்குள் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து, தையல்காரர் மறுபடியும் கயிற்றை இழுத்தார்.