கதவில் ஒட்டிய சீட்டு

என் கருவி பொய் சொல்லாது என்று நூலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தது வேறு யாருமில்லை, நான்தான். மூக்குடைந்ததும் எனக்குத்தான்.

நகர நூலகத்தில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. நூலகத்தின் இணையதளத்தில் 'பயனுள்ள தளங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. சட்ட உதவியிலிருந்து பறவைகளின் குரல் வரை நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். அவையெல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு வலைச்செயலி எழுதினேன். பிரவுசரில் திறந்து பொத்தானை அழுத்தினால் போதும், ஒவ்வொரு முகவரியாகப் போய்த் தட்டும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. திங்கட்கிழமை தலைமை நூலகரை உட்கார வைத்துக் காட்டினேன்.

"ஒண்ணுகூட சிவப்பு இல்லையா?"

"இல்ல மேடம். நானூத்திப் பன்னெண்டும் பச்சை."

தலைமை நூலகருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'உஷ்'. ஸ்டேப்ளர் சத்தம் கேட்கக்கூடாது என்று அதற்கு அடியில் துணி மடித்து வைத்திருப்பவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. வெள்ளிக்கிழமை என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடங்களில் ஐந்து தற்காலிக வேலைகள் பார்த்துவிட்டேன். என் காப்பிக் கோப்பை எந்த மேசையிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

புதன்கிழமை காலை, படிக்கும் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தினமும் வருவார். நல்ல மனிதர், நல்ல தொப்பை. ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் 'பறவைகளின் குரல்' என்ற இணைப்பை அழுத்தினார். குயில் கூவும் என்று காத்திருந்தார். கணினி கூவியது இப்படி: "இன்றோடு உங்கள் தொப்பைக்கு விடை கொடுங்கள்! ஆடும் பெல்ட்! அதிரும் பெல்ட்!"

முப்பது தலைகள் திரும்பின. டிரைவர் ஒலியைக் குறைக்கிறேன் என்று கூட்டிவிட்டார். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

"ஏம்மா, என்னைப் பாத்ததும் அதுக்குத் தெரிஞ்சுதா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

உஷ் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பச்சைன்னு சொன்னீங்க?"

"பச்சையாதான் மேடம் இருந்துச்சு."

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிங்க. இல்லன்னா அந்தப் பக்கத்தையே எடுத்திடலாம். உங்க உத்தரவைப் பத்தியும் அப்பவே பேசிக்கலாம்" என்றார்.

நடந்தது இதுதான். பறவைக்காரர் தன் முகவரியைக் கைவிட்டுவிட்டார். வேறு யாரோ அதைப் பிடித்து, வருகிறவர்களையெல்லாம் பெல்ட் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். இதற்குப் பெயர் ரீடைரக்ட். வீடு மாறிப் போனவர் பழைய வாசலில் 'இங்கே இல்லை, அங்கே போங்கள்' என்று எழுதிவைப்பது போலத்தான். பிரவுசர் ரொம்ப சொன்னபடி கேட்கும் பிள்ளை. போ என்றால் போய்விடும். போன இடத்தில் பதில் வந்ததும் என் செயலியிடம் 'பதில் வந்தது' என்று மட்டும் சொல்லும். எந்த வாசலில் வந்த பதில் என்று கேட்டால் வாயைத் திறக்காது. பிறர் தளத்து விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அதன் பாதுகாப்பு விதி. புதன்கிழமை முழுக்க அதனிடம் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் என் கோப்பையைக் கழுவிப் பையில் வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அம்மா ஃபோன் செய்தாள். அம்மாவுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மூன்று வாரம் வாசல்படி தாண்டக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதை நிறைவேற்றுவது அம்மா. தினமும் பதினொரு மணிக்கு வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்துச் சரிபார்ப்பாள்.

"உங்கப்பா வீட்ல இல்லடி."

"ஃபோன் எடுக்கலையா?"

"எடுத்தார். வீட்லதான் இருக்கேன், கால நீட்டிப் படுத்திருக்கேன்னார். ஆனா பின்னாடி டக்கு டக்குன்னு ஒரு சத்தம். நம்ம வீட்ல என்னடி டக்குங்குது?"

லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பெல்லாம் அப்பாவின் செல்லுக்குப் போகும்படி செய்து கொடுத்தவளே நான்தான். எழுந்து போய் எடுக்கக் கால் வலிக்கிறது என்று பரிதாபமாகக் கேட்டார், நம்பிவிட்டேன்.

"உனக்கு அங்கேருந்து பத்து நிமிஷ நடை. போய்ப் பாத்துட்டு வா. ஆள் இல்லன்னா தேடிக்கிட்டுப் போகாத. போனா உன்னையும் பேசி மயக்கி அங்கேயே உக்கார வெச்சிடுவார். வாசல்ல நில்லு, என்ன இருக்குன்னு பாரு, அப்படியே எனக்குச் சொல்லு. அவ்வளவுதான் உன் வேலை."

இருக்கிற தலைவலி போதாதென்று இது வேறு என்று முனகிக்கொண்டே போனேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு, அப்பாவின் அழகான கையெழுத்தில்: 'பார்சல் கொண்டுவருபவர் கவனத்துக்கு. நான் வீட்டில் இல்லை. பின்தெரு செஸ் கிளப், முதல் மாடி. அங்கே வந்து கொடுக்கவும்.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவியை ஏமாற்ற அவ்வளவு திட்டம் போட்ட மனிதருக்குப் பார்சலை விட மனம் வரவில்லை. அங்கேயே நின்று அம்மாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"முதல் மாடியா? படி ஏறியா போயிருக்கார்?" அம்மாவின் குரலில் கிளினிக்கே நடுங்கியிருக்கும். "டக்கு டக்குன்னது அந்த செஸ் கடிகாரமா! ஃபோன்ல எத்தனை தடவை கேட்டாலும் வீட்லதான்னு சொன்னாரே!"

"ஃபோன் அப்படித்தாம்மா சொல்லும். அது அவர் இருக்கிற இடத்துக்கே போயிடுதே. நேர்ல வந்து வாசல்ல நின்னாத்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டேன். என் பிரவுசர் செய்வது ஃபோன் வேலை. எனக்கு வேண்டியது, வாசலோடு நின்று சீட்டைப் படித்துவிட்டுத் திரும்பும் ஆள். பிரவுசருக்கு வெளியே, நூலகத்தின் சொந்த சர்வரிலிருந்து ஆள் அனுப்பினால் அவனுக்கு இந்த வாய்ப்பூட்டு கிடையாது. அவனிடம் அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

"ஹலோ, லைன்ல இருக்கியா?"

"அம்மா, நீ தெய்வம்மா!"

"என்னடி உளர்ற? வெயில்லயா நிக்கிற?"

ஓட்டமும் நடையுமாக நூலகம் திரும்பி, சாயங்காலத்துக்குள் சர்வரில் எழுதி முடித்தேன். வீட்டுக்குப் போனபோது அப்பா அசல் நோயாளி போலக் காலை நீட்டிப் படுத்திருந்தார். அம்மா அவர் நெஞ்சின் மேல் அந்தச் சீட்டை ஒட்டிவைத்திருந்தாள். ஃபோன் விவகாரத்தில் எனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டேன். அம்மா என்னை முறைத்த முறைப்பில் அரைக் கிலோ குறைந்திருப்பேன். ஆனால் சொன்னதும் மனது லேசாகிவிட்டது. மறுநாளிலிருந்து செஸ் கிளப் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று தீர்ப்பானது.

வெள்ளிக்கிழமை காலை புதுச் செயலியை ஓடவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொரு வாசல்களில் சீட்டு இருந்தது. பெரும்பாலானவர்கள் நேர்மையாக வீடு மாறியவர்கள். புது முகவரியைப் போட்டால் தீர்ந்தது. ஏழு பேர் பெல்ட் வகையறா. அவர்களைத் தூக்கினேன். மிச்சம் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு முழி பிதுங்கியது.

அது எங்கள் சொந்தப் பக்கம். 'புகார்களும் யோசனைகளும்.' இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ பழுது பார்க்கும்போது, அதைத் திறப்பவர்களை நேரே 'உங்கள் கருத்துக்கு நன்றி' பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தற்காலிகம் என்றுதான் குறித்திருந்தது. தற்காலிகமாக வந்தவர்களை இங்கே யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை போலும். எழுதவே விடாமல் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறது நூலகம்.

வம்பு என்னவென்றால், இரண்டு வருடங்களாக ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதுதான் உஷ்ஷின் பெருமை. அதை எழுதிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்.

மணி பதினொன்றரை. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, பக்கத்தை ஓசைப்படாமல் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உத்தரவு அவர் மேசையில் தயாராக இருக்கிறது. என் கை அழிக்கும் விசை வரைக்கும் போனது. ஆனால் திங்கட்கிழமை எல்லாம் பச்சை என்று சொன்னது தெரியாமல். இன்று சொன்னால் தெரிந்தே சொன்னதாகும். பட்டியலை அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன்.

உஷ் விரலால் ஒவ்வொரு வரியாக நகர்ந்தார். நாற்பத்தொன்றாவது வரியில் விரல் நின்றது. சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு வருஷமா..."

"யாராலயும் எழுத முடியல மேடம்."

"வந்தவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி அனுப்பியிருக்கோம்?"

"ஆமா மேடம்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். அடுத்த நொடி அந்த அறை இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார், ஸ்டேப்ளர் உருண்டு தரையில் விழச் சிரித்தார். எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார். "முதல்ல அந்தக் கதவைத் திறங்க, போங்க" என்றார்.

அவர் கணினியிலேயே உட்கார்ந்து அந்த ரீடைரக்டை எடுத்தேன். புகார்ப் பக்கம் திறந்துவிட்டது என்று முகப்பில் ஒரு வரியும் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் புகார் வந்து விழுந்தது. ஜன்னலோரக் கணினியிலிருந்து.

'படிக்கும் அறை வரை கேட்கும்படி தலைமை நூலகர் சிரிக்கிறார். பெல்ட் விளம்பரமே தேவலை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.'

உஷ் அதை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து என் உத்தரவில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். பிறகு திரையைக் காட்டி, "இதுக்கு என்னம்மா பதில் எழுதலாம்?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.