இதோ வந்துட்டேன்

அந்தக் குழந்தை பள்ளியில் சேர்ந்து பதினெட்டு நாட்கள் ஆகியிருந்தன. பதினெட்டு நாளும் அவள் வகுப்பில் உட்காரவே இல்லை.

மூன்றரை வயது. காலை எட்டரைக்கு அம்மா கொண்டுவந்து விடுவாள். குழந்தை ஷூவைத் தானே கழற்றி, தன் படம் ஒட்டிய அலமாரித் தட்டில் ஜோடியாக வைப்பாள். பிறகு நேராகக் கதவிடம் போய், அதன் கீழ்ப்பாதியில் பதித்த கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றி நின்றுகொள்வாள். அழமாட்டாள். யாரையும் அடிக்கமாட்டாள். மதியச் சாப்பாடு நின்றபடியே. மற்றவர்கள் பாயில் தூங்கும்போது கதவில் சாய்ந்து கண் சொருகுவாள். முழங்கால் மடிந்ததும் திடுக்கிட்டு விழித்து மறுபடி நிமிர்வாள்.

ஆயா அவளுக்கு 'வாட்ச்மேன்' என்று பேர் வைத்திருந்தாள். "நம்ம வாட்ச்மேனுக்கு இந்த மாசத்துலேர்ந்தாவது யூனிஃபார்ம் குடுங்கப்பா" என்று கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே, விழுந்தால் அடிபடாமலிருக்கக் கதவோரம் ஒரு தலையணையையும் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

டீச்சருக்கு இது ஒன்பதாவது வருஷம். கடிக்கிற பிள்ளை, ஒளிகிற பிள்ளை, அழுதழுது வாந்தி எடுக்கிற பிள்ளை என்று எல்லாரையும் மடியில் போட்டுப் பழக்கியவள். இந்த ஒருத்தியிடம் எதுவும் பலிக்கவில்லை. கதவருகிலேயே பிளாக்குகளைக் கொட்டி விளையாடிப் பார்த்தாள். கைப்பொம்மையைப் பேசவைத்தாள். ஒருநாள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் தரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அம்மாவுக்காகக் காத்துட்டு இருக்கியா தங்கம்?" என்று கேட்டதற்கு மட்டும் ஒருமுறை பதில் வந்தது.

"இல்ல. அம்மா வந்துட்டாங்க."

டீச்சர் கண்ணாடி வழியே பார்த்தாள். வராந்தா காலியாக இருந்தது. பாவம், ஏக்கத்தில் ஏதோ கற்பனை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, தண்ணீர் கேன் போடுபவர் கதவைத் தள்ளியபோது குழந்தையின் விரல் நூலிழையில் தப்பியது. பிரின்சிபால் மேடம் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். கோபமில்லை, கவலைதான். பழகுவதற்கு இரண்டு வாரம் என்பது விதி, நான்காவது வாரம் நடக்கிறது, நாளைக்கு விரல் போனால் யார் பதில் சொல்வது, வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த வருஷம் வரட்டும் என்றார்.

அடுத்த வருஷம் என்பது மேடத்துக்கு ஒரு தேதி. குழந்தையின் அம்மாவுக்கு அது வேலை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவன் கப்பலில் சமையற்காரன். வருஷத்துக்கு இரண்டு முறை தலைகாட்டுவான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. பள்ளி இல்லையென்றால் வேலையும் இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் பஸ் நிறுத்தத்தில் தன் கணவனுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவன் கார் மெக்கானிக். பல் டாக்டரிடம் ஐந்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள், மணி ஐந்தேகால். போன் செய்தாள்.

"இதோ வந்துட்டேன்" என்றான் அவன். பின்னால் யாரோ தகரத்தை டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா? அப்ப பட்டறையும் உங்ககூடவே கிளம்பி வந்துருச்சா?"

"அடடா, வந்துட்டேன்னா வந்துட்டேன்னு அர்த்தமா? இனிமேதான் கை கழுவப் போறேன்னு அர்த்தம். கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு, இன்னும் உனக்குத் தமிழ் புரியலையே."

சிரிக்க வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டரை மணிக் காட்சி கண்முன்னால் ஓடியது. ஷூ தட்டுக்கு எதிரே அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தில் முத்தம் வைத்து, தினமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவிட்டு நழுவுவாள்: "அம்மா இதோ வந்துட்டேன் பட்டு."

வந்துட்டேன். வந்தாகிவிட்டது. அப்படியானால் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும். திறப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் போய் ஒரு பிள்ளை பிளாக் அடுக்குமா, படுத்துத் தூங்குமா?

இந்தக் குழந்தைக்கு யார்மீதும் நம்பிக்கை வரவில்லை என்று மேடத்திடம் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். பதினெட்டு நாள், நாளுக்கு ஆறரை மணி நேரம், கால் கடுக்க நின்று ஒரு வார்த்தையை நம்பியவளைப் பற்றி. பஸ்கள் வந்து நின்று போயின. கணவன் உண்மையிலேயே வந்து சேர்ந்தபோது அவள் கண்கள் ஈரமாயிருக்க, பல்வலி அவ்வளவு மோசமா என்று பதறினான்.

வியாழன் காலை அந்த அம்மாவை வாசலிலேயே ஓரங்கட்டி விஷயத்தைச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லணும்னு சொல்லல டீச்சர். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"எல்லாரும்தான் சொல்றோம். நானே பாத்ரூம் போறப்பகூட அவகிட்ட இதையேதான் சொல்லியிருக்கேன். இனிமே 'போறேன்'னு சொல்லுங்க. எப்ப வருவீங்கன்னு அவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"வாயால போறேன்னு எப்படி டீச்சர் சொல்றது? நாக்கு வரமாட்டேங்குதே."

அன்று நாக்கு வரவேயில்லை. "போ… போயிட்டு… இதோ வந்துட்டேன்" என்று உளறிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். குழந்தை கதவிடம் போனாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவின் முகம் தூங்காத முகமாக இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பட்டு, அம்மா வேலைக்குப் போறேன். இப்ப வரமாட்டேன். நீ விளையாடி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து பால் குடிப்பல்ல? பால் குடிச்சு முடிச்சதும் வருவேன்."

குழந்தை அவள் வாயையே பார்த்தாள். "இப்ப வரமாட்டியா?"

"மாட்டேன்டா."

"கதவு பக்கத்துல இல்லையா?"

"இல்லடா. தூரமா இருப்பேன்."

அப்போதுதான் அந்தக் குழந்தை முதல்முறையாக அழுதாள். பத்தொன்பது நாள் அழுகை மொத்தமும் கிளம்பி வந்தது. மற்ற பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். மேடம் மாடியிலிருந்தே இறங்கி வந்து, பழைய நிலைமையே தேவலாம் போலிருக்கிறதே என்று முணுமுணுத்தார். டீச்சர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஆமா, அம்மா போயிட்டாங்க, ஆமா, கஷ்டமாத்தான் இருக்கு என்று மட்டும் சொல்லியபடி அணைத்துக்கொண்டிருந்தாள். சேலைத் தோள் முழுக்க நனைந்தது.

இருபது நிமிஷம் கழித்து அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி நின்றது. குழந்தை அறையைச் சுற்றிப் பார்த்தாள். நீண்ட டியூட்டி முடிந்து இறங்கியவர்களின் பார்வை அது. பிறகு விளையாட்டு மாவு பிசைகிற மேஜைக்கு நடந்துபோய், ஒரு குட்டி நாற்காலியை இழுத்து, உட்கார்ந்தாள்.

ஆயா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாட்ச்மேன் வேலையை ராஜினாமா பண்ணிட்டாங்க" என்றாள்.

மதியம் பாயில் படுத்த ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். மூன்று மணிக்குப் பால் வந்தது. மூன்றே காலுக்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மூன்றரை ஆயிற்று. அந்த அம்மா வரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் சாலையில் மரம் விழுந்து பஸ் நிற்கிறதென்று யாரோ ஒரு அப்பா சொன்னார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நாள் சொன்ன ஒரு வார்த்தை. அதுவும் பொய்யாகப் போகிறது. குழந்தை எழுந்து கதவிடம் போய்விட்டால் இனி அவளை யாராலும் திருப்ப முடியாது. மேடமும் கணக்காக அந்த நேரத்துக்குத் தன் முடிவைச் சொல்ல வந்து நின்றார்.

குழந்தை மேஜையில்தான் இருந்தாள். எதிரே பால் கப். டீச்சர் அருகில் போய்ப் பார்த்தாள். கப்பின் அடியில் ஒரு வாய் பால் மிச்சமிருந்தது. குழந்தை அதை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தாள்.

"குடிக்கலையா தங்கம்?"

குழந்தை தலையாட்டி மறுத்தாள். "அம்மா இன்னும் வரல" என்று விளக்கினாள், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பொறுமையோடு.

காலையில் அம்மா சொல்லிப்போனதை டீச்சர் மேடத்தின் காதில் சொன்னாள். மேடத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த ஃபைலைத் தரையில் வைத்தார். கப்புகளைப் பொறுக்க வந்த ஆயாவைக் கையமர்த்தினார். பிறகு ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட, குழந்தைக்கு எதிரே அமர்ந்துகொண்டார். பால் ஆறி, மேலே மெல்லிய ஆடை கட்டியது.

நான்கு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில் வராந்தாவில் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் திறந்து, மூச்சு வாங்க, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

குழந்தை ஒரு விரலைத் தூக்கி, இரு என்று காட்டினாள். கப்பை இரண்டு கையாலும் எடுத்து, கடைசி வாய்ப் பாலைக் குடித்து, புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"முடிச்சாச்சு. இப்ப வா."