நாற்பது கைநாட்டு

மதியம் இரண்டு பத்துக்கு அரங்கக் கதவை வெளியிலிருந்து பூட்டினார் காவலாளி மருது. பூட்டச் சொன்னது மீனலோசனிதான்.

ஒத்தக்கடைக் கல்லூரி நடத்தும் பொதுக் கருத்தரங்கு எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கரைந்துவிடும். தயிர்ச்சாதம் முடித்த கையோடு பாதிப் பேர் மேலூர் பஸ்ஸில் இருப்பார்கள். வரலாற்றுத் துறையின் மீனலோசனி ஒருங்கிணைப்பாளர் ஆனதும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பூட்டு. கடைசியில் தேசிய கீதம் ஒலித்தால்தான் மருது திறப்பார்.

காலை அமர்வு அவளுடையது. தலைப்பு, வெளியுறவுக் கொள்கையின் வரலாறு. அறுபத்து நாலாம் வருட ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்ட கதையைச் சொன்னாள். "திரும்பி வந்த நாற்பது குடும்பங்களிடம் போனேன். உங்களை யாராவது கேட்டாங்களா என்றேன். முப்பத்தெட்டுக் குடும்பம், இல்லை என்றது." அரங்கம் கைதட்டி ஓய அரை நிமிடம் ஆயிற்று.

மதிய அமர்வு இயற்பியல் பேராசிரியர் வெள்ளைத்துரையுடையது. ஓய்வு பெற்றவர். அறிவியலைச் சீர்திருத்துவது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர்.

"பொய் சொல்ற விஞ்ஞானி கம்மிப்பா," என்றார் மைக்கை உருவிக்கொண்டு. "பாக்காமலே பாத்தேங்கிறவன்தான் ஜாஸ்தி. அதுக்கு ஒரே மருந்து, கைல உள்ள கணக்க ஊருக்கு முன்னாடி விரிச்சு வைக்கணும். கேட்டுப் பாருங்க, ஒருத்தன் தரமாட்டான். தாலிய அடகு கேட்ட மாதிரி முழிப்பான்."

சிரிப்பு எழுந்தது. மீனலோசனியும் சிரித்தாள்.

"ஆனா உங்க மேடம் தங்கம். காலைல சொன்ன நாப்பது படிவமும் துறை பீரோவுல இருக்காம். பிரின்சிபால் சாய்பிரசாத் சார்ட்ட கேட்டேன், சாவியையே குடுத்துட்டாரு. பேர மட்டும் ஒட்டு போட்டு மறைச்சாச்சு. இருவது பேரு வாங்க, ஆளுக்கு ரெண்டு. யாராச்சும் கேட்டாங்களாங்கிறதுதான் அஞ்சாவது கேள்வி, அதுக்கு என்ன பதில்னு நாமளே எண்ணிப்புடுவோம்."

மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வெளியே வந்தது. முதல் வரிசையில் சாய்பிரசாத் பெருமையாகத் தலையாட்டினார்.

மீனலோசனி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

அவள் போனது இருபத்திரண்டு குடும்பங்களுக்கு. அதற்குள் கொரோனா வந்து ஊரை அடைத்துவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க நாள் நெருங்கியது. அது முடிந்தால்தான் இந்த நிரந்தர வேலை. மிச்சம் பதினெட்டுப் படிவங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே நிரப்பினாள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும் கட்டத்தில் தன் இடது பெருவிரலை வைத்தாள். பதினெட்டிலும் அதே விரல். சின்ன வயதில் அரிவாள்மனை கிழித்த தழும்பு, ரேகையைக் குறுக்கே பிளந்துகொண்டு வெள்ளைக் கோடாக விழும். நெறியாளர் படிவத்தை எண்ணுவார், ரேகையையா பார்ப்பார் என்று அன்றைக்குத் தோன்றியது. அவர் எண்ணத்தான் செய்தார்.

இருபது பேர் மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். யார் கையில் எது போனது? அழகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி அன்னக்கொடி, வாங்கிய இரண்டையும் அருகருகே பிடித்தபடி நடந்தாள்.

வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் மனதுக்குள் ஒரு வசவு ஓடியது. மீனலோசனிக்குத் தமிழில் அதெல்லாம் வராது. ஓரமாக நடந்து பின்கதவை மெல்லத் தட்டினாள்.

"மருதண்ணே, திறங்க. நான்தான்."

"எந்த நான்?"

"மீனலோசனி மேடம்ணே."

"போன வருசமும் ஒரு புள்ள மேடம் குரல்லயே பேசி என்னைய ஏமாத்திட்டு சினிமாவுக்குப் போயிருச்சு. அதுக்கு மேடம்ட்ட நான் வாங்குன ஏச்சு எனக்குத்தான் தெரியும். போய் உக்காரு தாயி. கீதம் கேட்டாத் திறக்கேன்."

"அண்ணே, சத்தியமா..."

"அந்தப் புள்ளயும் சத்தியம் பண்ணுச்சு."

மேடையில் எண்ணிக்கை தொடங்கியிருந்தது. "ஒன்னு, யாரும் கேக்கல. ரெண்டு, கேக்கல. மூனு, கேக்கல..." மாணவர்களுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. கேட்டார்கள் என்று ஒன்று வந்ததும், ஓட்டு எண்ணிக்கை மாதிரி விசில் பறந்தது. அன்னக்கொடி விசிலடிக்கவில்லை. படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த நாற்காலிக்காரியின் படிவத்தையும் எட்டிப் பார்த்தாள்.

பக்கவாட்டு மேசையில் மடிக்கணினி இருந்தது. வரவேற்புப் பாட்டு, படங்கள், கடைசியாக தேசிய கீதம். எல்லாம் அவள் வரிசைப்படுத்தி வைத்ததுதான். கீதம் முடிந்த பிறகு எந்தக் கூட்டமும் தொடர்ந்ததில்லை.

"பதினாலு, கேக்கல..."

மீனலோசனி பொத்தானை அழுத்தினாள்.

நாற்காலிகள் தடதடக்க முந்நூறு பேரும் எழுந்தார்கள். வெள்ளைத்துரை வாயைத் திறந்தபடியே விறைத்து நின்றார். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு மீனலோசனியும் நின்றாள். ஐம்பத்திரண்டு விநாடி. ஒருவரும் அசைய முடியாது. அன்னக்கொடியும் அசையவில்லை. ஆனால் அவள் பார்வை படிவத்தில் இல்லை. மீனலோசனி மேல் இருந்தது.

கடைசி ஒலி அடங்கியதும் பூட்டுத் திறக்கும் சத்தம். அவ்வளவுதான், அணை உடைந்தது. சர்டிபிகேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கூட்டம் வெளியேறியது. சாய்பிரசாத் வாசலில் விருந்தினர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டார். நாற்காலிகளில் போட்டுவிட்டுப் போன படிவங்களை மீனலோசனி ஓடி ஓடிப் பொறுக்கினாள். எண்ணினாள். முப்பத்தெட்டு.

"என்னம்மா, நன்றியுரைகூடச் சொல்லல, கீதத்தப் போட்டுட்டீக?" என்று வெள்ளைத்துரை இறங்கி வந்தார்.

"கை தவறிப் பட்டுருச்சு சார்."

"சார்," என்று பக்கத்தில் வந்து நின்றாள் அன்னக்கொடி. மிச்ச இரண்டும் அவள் கையில். "ஒன்னு மேலூர்ப் பக்கம்னு போட்டுருக்கு. ஒன்னு எங்கூருப் பக்கம். ரேகை ரெண்டும் ஒன்னாட்டம் இருக்கு. குறுக்க ஒரு கோடு. பக்கத்துல இருந்த தீபா வச்சிருந்ததுலயும் அதே கோடு."

வெள்ளைத்துரை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

மீனலோசனிக்குப் பதில் தயாராகவே வந்தது. அவளே ஆச்சரியப்படும்படி அழகாக வந்தது. "அவங்கல்லாம் தேயிலைக் கொழுந்து பறிச்சவங்கம்மா. விரல் பூரா வெட்டுக்காயம். மை வேற பரவியிருக்கும். எல்லாம் ஒன்னு மாதிரித்தான் தெரியும்."

அன்னக்கொடியின் முகம் சுருங்கியது. இன்னொரு தடவை படிவத்தைப் பார்த்தாள். "ஆமா மேடம்," என்றாள் மெதுவாக. "எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல. தெரியாமப் பேசிட்டேன் மேடம். சாரி."

வெள்ளைத்துரை படிவத்தைப் பார்த்தார். மீனலோசனியைப் பார்த்தார்.

அந்தப் பெண் இரண்டு படிவங்களையும் மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கினால் முடிந்தது. பீரோ, பூட்டு, வேலை, பெயர் எல்லாம் பத்திரம். இவள் மட்டும் இனி கண்ணால் கண்டதை நம்ப மாட்டாள்.

மீனலோசனி வாங்கவில்லை.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள். இடது பெருவிரலை நீட்டினாள். "நல்லாப் பாத்துக்க."

அன்னக்கொடி பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

வெள்ளைத்துரை ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எம்புட்டு?"

"பதினெட்டு."

"மிச்சம்?"

"போனேன் சார். இருவத்திரெண்டு வீட்டுக்கும் போனேன். அவங்க சொன்னது அப்படியே இருக்கு."

"வேலை போயிரும்மா."

"தெரியும் சார்."

"அப்ப பிரிச்சு வைங்க. ரெண்டு கட்டா."

வாசலில் சாய்பிரசாத்தின் பேச்சு முடிந்து, செருப்புச் சத்தம் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நெருங்கியது. மீனலோசனி தரையில் உட்கார்ந்தாள். முதல் படிவத்தை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். அடுத்ததை இடப்பக்கம். அன்னக்கொடியும் எதிரே உட்கார்ந்து, கேட்காமலே பாதிக் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.